டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவனுக்குச் சும்மா இருக்கக் கற்றுத் தர எந்தப் பயிற்சி நிலையமும் கிடையாது. முதல் மாதம் வீட்டிலிருந்த மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினேன். இரண்டாம் மாதம் மளிகை டப்பாக்களுக்கு எண் கொடுத்தேன். பதினேழாம் எண் டப்பாவை எடு என்றால் துவரம்பருப்பு வரும். மூன்றாம் மாதம் என் மனைவி, "ஏங்க, மொட்டை மாடில உங்களுக்கு ஒரு ஆபீஸ் கட்டிக் குடுத்துடலாமா?" என்று கேட்டாள். அந்தச் சமயத்தில்தான் மருமகள் மலைச் சைக்கிள் வாங்க வேண்டும் என்றாள். எனக்கு ஒரு கோப்பு கிடைத்தது.

மருமகள் கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. முப்பதைத் தொடப்போகிறவள். பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்ததால், எந்த இயந்திரமும் தாளம் தப்பினால் அவள் காதுக்கு முதலில் தெரிந்துவிடும். எங்கள் மின்விசிறியைக் கழற்ற வைத்தவள் அவள்தான். என் மகன் தினமும் ரயிலில் சென்னைக்குப் போய்வருகிறவன். சைக்கிளைக் கண்டால் துண்டு காயப்போட இடம் கிடைத்தது என்று நினைப்பான்.

காட்டுப் பாதையிலும் பாறையிலும் சுற்றுச் சுற்றாக ஓட்டும் பந்தயம் அவளுடையது. மாநிலத் தேர்வுப் போட்டியில் முதல் மூன்று பேர் தேசியப் போட்டிக்குப் போவார்கள். போன வருடம், யாரோ ஓர் உயரமான மனிதரிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் அவள் நான்காவதாக வந்தாள். நான்காவதாக வந்தவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழ்களின் மதிப்பு என்ன என்பதை என்னைவிட அறிந்தவர் இந்த வட்டத்தில் கிடையாது.

"இந்த ஒரு வருஷம் மாமா. என் அளவுக்கு ஒரு வண்டி இருந்து, அதுலயும் மூணுக்குள்ள வரலன்னா விட்டுடறேன். பசங்களுக்கு கபடி சொல்லிக் குடுத்துகினு இருந்துடறேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். முகம் மட்டும் விளையாடவில்லை.

முதல் பணி அளவெடுப்பது. நிலத்தை அளப்பதில் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆளை அளப்பது வேறு சங்கதி. செருப்பில்லாமல் சுவரோடு நின்று, ஒரு கெட்டிப் புத்தகத்தைத் தொடை இடுக்கில் செங்குத்தாக வைத்து, அதன் மேல்விளிம்புவரை தரையிலிருந்து அளக்க வேண்டும் என்று படித்திருந்தேன். மாமனார் செய்யும் வேலையா இது? மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுப் பக்கத்து அறையிலிருந்து உத்தரவு கொடுத்தேன்.

"பந்தய உடையில்தானே இருக்கா?"

"நைட்டில இருக்கா."

"அப்போ செல்லாது. மாத்திட்டு வரச் சொல்லு."

உள்ளே இரண்டு பேரும் சிரித்தார்கள். "கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கவே இவ்ளோ அளவு எடுக்கல அத்தை" என்றது ஒரு குரல்.

வந்த அளவு, அட்டவணையில் சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் சரியாக எல்லைக் கோட்டில் விழுந்தது. என் பணிக்காலத்தில் எல்லைக் கோட்டில் விழுந்தவை எதுவும் பத்து ஆண்டுகளுக்குள் தீர்ந்ததில்லை. சென்னையிலுள்ள சைக்கிள் கடைக்கு ஐந்து வினாக்களை எண்ணிட்டு அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. நான் நினைவூட்டுக் கடிதம் தயாரித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை, அவளே கடைக்குப் போய் இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்து, பத்து நிமிடத்தில் சிறியதைத் தேர்ந்தெடுத்து வந்துவிட்டாள். "பெருசுல உக்காந்தா ஹேண்டில்பாரு எட்டி எட்டித்தான் பிடிக்கணும். திருப்பத்துல அதான் போன வருஷம் என்னைத் தூக்கிப் போட்டுச்சி." கோப்பில் 'நேரில் ஆய்வு செய்து முடிவு செய்யப்பட்டது' என்று எழுதிக்கொண்டேன்.

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியா, முன்னால் மட்டும் உள்ளதா என்பது அடுத்த கேள்வி. இதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. இந்த வருடம் போட்டி ஆர்.கே.பேட்டையைத் தாண்டிய குன்றுகளில். அங்கே ஏற்றம் அதிகம், பாறைச் சரிவு ஒன்றுதான் பெரியது. ஏற்றத்தில் தூக்கிச் சுமக்க வேண்டிய ஒவ்வொரு பாகமும் காலைக் கேட்கும். முன்னால் மட்டும் போதும் என்று முடிவானது. முன்பல்சக்கரத்தில் முப்பத்திரண்டு பல் வந்திருந்தது. அந்தக் குன்றில் ஒருநாள் ஏறிப் பார்த்துவிட்டு, ஏற்றத்தில் மிதிக்க இலகுவாக இருக்க முப்பதுக்கு மாற்றச் சொன்னாள். டயருக்குள் டியூப் இல்லை. வெள்ளைப் பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றினோம். முள் குத்தினால் அது ஓடிவந்து ஓட்டையை அடைத்துவிடும். வேலிக்காத்தான் முள் இறைந்து கிடக்கிற நம் பக்கத்துக்கென்றே யாரோ யோசித்தது போலிருந்தது.

முன் ஃபோர்க்கில் காற்று அடைப்பது எனக்குப் பிடித்த வேலை. அதன் காலில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். ஓட்டுபவர் முழு உடையோடு, தண்ணீர் பாட்டிலோடு, ஆடாமல் ஏறி உட்கார்ந்து இறங்கினால் வளையம் எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. நூறு மில்லிமீட்டரில் இருபது வரவேண்டும். பதினெட்டு வந்தது. கொஞ்சம் காற்றை இறக்கினோம். இருபத்திரண்டு வந்தது. "விடுங்க மாமா, ரெண்டு மில்லிமீட்டர்ல நான் என்ன விழுந்துடப் போறேனா?" என்றாள். விடவில்லை. இருபது வந்த பிறகுதான் காப்பி குடித்தோம்.

டயர் காற்றில் நான் தோற்றேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த அதிகபட்ச அளவைப் படித்து, பொறுப்பான அதிகாரி செய்வது போல அதைவிடச் சற்றுக் குறைத்து, நாற்பது அடித்து அனுப்பினேன். கல் குவாரிப் பாதையில் ஒரு சுற்று போய்விட்டு உள்ளங்கை சிவந்து திரும்பினாள். "பந்து மாதிரி எகிறுது. ஒரு கல்லுலயும் ஒட்ட மாட்டேங்குது." அச்சிட்டதைக் காட்டினேன். "அது டயர் தாங்குற அளவு மாமா. நான் தாங்குற அளவு வேற." தினம் இரண்டு இரண்டாகக் குறைத்து, கடைசியில் முன்னால் பதினெட்டு, பின்னால் இருபது என்று நின்றாள். அச்சில் வந்ததெல்லாம் உத்தரவல்ல என்பது எனக்கு ஓய்வுக்குப் பின் கிடைத்த புதுத் தகவல்.

நான்கு மாதம் இப்படிப் போனது. சைக்கிள் அவளோடு ஒட்டிக்கொண்டது. காலையில் அவள் கிளம்பும்போது சங்கிலிச் சத்தமே கேட்காது. போட்டிக்கு முந்தைய நாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. போல்ட்டுகளை உரிய அளவுக்கு முறுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடித்து, கோப்பைக் கட்டிவைத்தேன்.

அப்போது மனைவி சொன்னாள், "புது வண்டியை இன்னும் மலைக்குக் காட்டவே இல்லையே."

எங்கள் ஊரில் இதற்கு மறுப்பு கிடையாது. லாரி, கார், ஆட்டோ, டிராக்டர் என்று எது வாங்கினாலும் மலைமேல் முருகன் கோயிலுக்கு ஏற்றி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கிய பிறகுதான் அது வண்டி. சித்தூர் பக்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். மருமகளும், "ஆங், போலாம் அத்தை. அப்படியே இறக்கத்துல கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கறேன்" என்றாள்.

மேலே வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு புத்தம்புதுக் காருக்கும் சிமெண்ட் கலக்கும் லாரிக்கும் நடுவே எங்கள் சைக்கிளை நிறுத்தினோம். மனைவி ஹேண்டில்பாரில் சந்தனம் குங்குமம் வைத்து, சின்னதாக ஒரு நெய் விளக்கு ஏற்றி, கும்பிட்டுவிட்டு, போதும் என்றாள். பக்கத்து லாரியைப் பார்த்தேன். அதற்கு ஒவ்வொரு சக்கரத்துக்கும் வைத்திருந்தார்கள்.

"சக்கரத்துக்கு வைக்கலையே" என்றேன்.

"சைக்கிளுக்கு எதுக்குங்க அவ்ளோ?"

"செய்றதை முழுசா செய்யணும்."

டயரில் புழுதி. கம்பிகளில் விரல் நிற்காது. சக்கரத்தின் நடுவே பளபளவென்று ஒரு எஃகு வட்டம் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல. நெய் விளக்கின் திரியை நான் தூண்டிவிட்ட அதே விரலால் சந்தனத்தைத் தொட்டு, முன் சக்கரத்தில் மூன்று, பின் சக்கரத்தில் மூன்று. மேலே குங்குமம். மருமகள் அப்போது எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருந்தாள். வந்து பழத்தின் மேல் சைக்கிளை உருட்டினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறக்கத்தில் கிளம்பினாள். நாங்கள் ஆட்டோவில் பின்தொடர்ந்தோம்.

முதல் வளைவுக்கு முன்பே கீழிருந்து ஒரு ஓலம் கேட்டது. ஆட்டோக்காரர், "இன்னா சார் அது, ஆட்டுக்குட்டி மாட்டிகிச்சா?" என்றார். ஓலம் நின்றது. நின்றதுதான் பயமாக இருந்தது.

மூன்றாவது வளைவில், சுவரோரம் கிடந்த சரளைக் குவியலில் முன்சக்கரம் புதைந்திருக்க, மருமகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் தோல் வழன்றிருந்தது. ஒரு காலணியின் அடிப்பாகம் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தியிருக்கிறாள்.

"பிரேக் பிடிக்கல மாமா. மொதல்ல கத்துச்சி. அப்புறம் கத்தவும் இல்ல. வழுக்கிகினே போவுது." முழங்காலை அவள் பார்க்கவில்லை. சக்கரத்தையே பார்த்தாள். "நாளைக்குப் போட்டி."

ஆட்டோவின் மேலே சைக்கிளைக் கட்டிக்கொண்டு பஜாரில் பைக் மெக்கானிக் கடைக்குப் போனோம். அவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். என் பழைய ஸ்கூட்டரின் கடைசிப் பத்து ஆண்டுகள் அவர் போட்ட பிச்சை. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினார். செம்மஞ்சளாக ஒரு வளையம் சுழன்றது. அவர் குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், டிஸ்க்குக்குப் பொட்டு வச்சிருக்கு? அதுவும் நெய் மணக்குது."

"அதில் வைக்கக் கூடாதா?"

"பிரேக்கு பிடிக்கிற இடமே அதான் சார். ரெண்டு பக்கமும் பேடுன்னு ஒரு கட்டை வந்து அந்தத் தகட்டைத்தான் கவ்வணும். நீங்க அதுக்கு அல்வா ஊட்டி விட்டுருக்கீங்க. மலைலருந்து பூஜை போட்டு எறங்குற புது பைக்குல வாரத்துக்கு ஒண்ணு எங்கிட்டதான் வருது. யாரு வச்சது?"

மனைவி என்னைப் பார்க்கவில்லை. கடை வாசலில் தொங்கிய டியூபுகளை எண்ணுவது போல நின்றாள். மருமகள் அத்தைதான் வைத்திருப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். அதனால்தான் அதுவரை பொட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகளில், யார் செய்தது என்ற கேள்விக்கு 'உரிய அலுவலரிடம் விளக்கம் கோரப்படும்' என்று எழுதி அனுப்பியே பழகியவன் நான்.

"நான்தான்" என்றேன். "என் மனைவி வேண்டாம் என்றுதான் சொன்னாள்."

மருமகள் என்னை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு பாயிடம் திரும்பி, "வேற பேடு கிடைக்குமாண்ணா?" என்றாள்.

"சைக்கிள் சைஸுக்கு இங்க ஏதும்மா? மெட்ராஸ்தான் போவணும்."

சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். அந்த வகை திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். என் கோப்பில் உபரிப் பாகங்களின் பட்டியல் இருந்தது. சங்கிலி இணைப்பு, வால்வு, கியர் கொக்கி எல்லாம் இரண்டிரண்டு. பிரேக் பேடு இல்லை. தேய்ந்த பின் மாற்றவும் என்று கையேட்டில் போட்டிருந்தது. தேயவில்லையே என்று பட்டியலில் அந்த வரியை நானே அடித்திருந்தேன்.

மருமகள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "போன வருஷம் பெரிய வண்டி. இந்த வருஷம் இது" என்றாள், யாரிடமும் சொல்லாமல். மனைவி அவள் முழங்காலைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அந்த ஐந்து நிமிடம் நான் எந்த விதியையும் நினைக்கவில்லை.

பாய் அதற்குள் நான்கு பேடுகளையும் கழற்றி, எது எங்கே இருந்தது என்று தெரியும்படி ஒரு தட்டில் வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சார், பொட்டு எந்தப் பக்கம் வச்சீங்க? ரெண்டு பக்கமுமா?"

"வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கம் விரல் போகவில்லை."

"விரலு பெருசா இருந்தது நல்லதாப் போச்சு." இரண்டு பேடுகளை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "இது ரெண்டும் உள்பக்கம் இருந்தது. பாரும்மா, காய்ஞ்சிதான் இருக்கு. வெளிப்பக்கம் ரெண்டும் நெய்யை குடிச்சிடுச்சு. இந்த மாடல்ல இடது வலதுன்னு கிடையாது, எதுவும் எதுலயும் போவும்."

அவள் நிமிர்ந்தாள். "நல்லது ரெண்டையும் முன்னாடி போட்டுடலாம்."

"ஆங். நிறுத்துறது முன் பிரேக்குதான். கெட்டது ரெண்டையும் தேய்ச்சி, ஸ்பிரிட்டுல கழுவி, சூடு காட்டி பின்னாடி போடறேன். அரை பிரேக்கு இருக்கும். அதுக்கு மேல என்னைக் கேக்காத."

தகடுகளை ஸ்பிரிட்டில் நனைத்த புதுத் துணியால் அவர் துடைத்தார். மஞ்சள் போய், சிவப்பு போய், துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்தார். நான் ஒரு உதவி செய்யலாம் என்று கை நீட்டினேன். "நீங்க தொடாதீங்க சார்" என்றார். அது ஒன்றுதான் அன்று எனக்கு வந்த எழுத்தில்லா உத்தரவு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கழுவிய பிரேக் உடனே பிடிக்காது. வேகமாக ஓட்டி, சக்கரம் நின்றுவிடாமல் மெதுவாக அழுத்தி, மறுபடி ஓட்டி, மறுபடி அழுத்தி, இருபது தடவையாவது பழக்க வேண்டும். கண்டிகைச் சாலையில் நெரிசல் இல்லாத ஒரு நேரான இடத்துக்குப் போனோம். அவள் ஓட்டினாள். நான் ஓரமாக நின்று உரக்க எண்ணினேன். பதினொன்றில், "மாமா, வாய்க்குள்ள எண்ணுங்க, பஸ்ஸுல போறவங்க பாக்குறாங்க" என்று கத்திக்கொண்டே போனாள். பதினான்கில் முன் பிரேக்கின் சத்தம் மாறியதாகச் சொன்னாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பத்தொன்பதில் பின்சக்கரம் காற்றில் எழும்பும் அளவுக்கு முன் பிரேக் பிடித்தது. பின் பிரேக் அவர் சொன்னபடி அரைதான்.

அதற்குப் பிறகும் அவள் வீட்டுக்கு வரவில்லை. இன்னும் இருபது தடவை போனாள். வளைவுக்கு வெகு முன்பே, நேர்ப்பாதையிலேயே ஒற்றை விரலால் முன் பிரேக்கைப் பிடித்து, வளைவில் முழுக்க விட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தாள். இருப்பதை வைத்து ஒரு புது முறையை அவளே எழுதிக்கொண்டிருந்தாள். நான் குறிப்பு எடுக்கவில்லை.

மறுநாள் போட்டியில் எனக்குத் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நிற்கும் வேலை. பாறைச் சரிவு முடிகிற இடத்தில் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு உள்ளே மட்டும்தான் பாட்டில் நீட்டலாம், ஓடக் கூடாது. நான் கோட்டின் நடுவில் நின்றேன். மனைவி கோட்டுக்கு வெளியே நின்று முருகா என்றாள். அதற்கு விதியில் தடை இல்லை.

நான்கு சுற்று. முதல் சுற்றில் ஏழாவதாக வந்தாள். சரிவின் மேல் அவள் தலை தெரிந்ததும் பாட்டிலை நீட்டிப் பிடித்தேன். மற்றவர்கள் திருப்பத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்து, பின்சக்கரம் இழுபட்டுப் புழுதி கிளப்பினார்கள். அவள் திருப்பத்துக்கு முன்பே அடங்கி, திருப்பத்தில் சத்தமில்லாமல் வந்தாள். பாட்டிலை வாங்கவில்லை, பறித்தாள். இரண்டாம் சுற்றில் ஐந்தாவது. மூன்றாம் சுற்றில் நான்காவது. அப்போது அவள் வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து ஒருமுறை உதறினாள். முன் பிரேக் அந்தக் கையில். எல்லாவற்றையும் அந்த ஒற்றை விரல்தான் நிறுத்திக்கொண்டிருந்தது.

நான்காம் சுற்றின் சரிவில் மூன்றாவதும் நான்காவதுமாக அவளும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து இறங்கினார்கள். அங்கிருந்து முடிவுக் கோடுவரை மண்பாதை. நான் விதியை மறந்து ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் இருவரும் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். அரைச் சக்கரம் முன்னே பின்னே என்றார்கள். யார் முன்னே என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவர்கள் கேமராவைப் பார்க்கப் போனார்கள்.

மருமகள், சைக்கிளை ஏற்றி நாங்கள் வந்த டெம்போவின் நிழலில் ஹெல்மெட்டைக் கழற்றினாள். காலணியைக் கழற்றவில்லை. "பின்னாடி அரைதான் மாமா. ஆனா முன்னாடி நல்லா நின்னுச்சி" என்றாள். அப்படியே தரையில் சாய்ந்து தூங்கிப்போனாள். வலது கை மட்டும் இன்னும் பாதி மடங்கி, ஒரு விரல் நீண்டிருந்தது. மனைவி அந்தக் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்து ஒலிபெருக்கியில் எண்களைப் படித்தார்கள். முதலாவது. இரண்டாவது. பிறகு ஒரு இடைவெளி, மைக்கைத் தட்டும் சத்தம். மூன்றாவதாக அவள் முதுகில் ஒட்டியிருந்த எண்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தேர்வானவர்கள் பதினைந்து நிமிடத்துக்குள் மேசைக்கு வந்து சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்று அறிவித்தார்கள். தாமதமானால் என்ன ஆகும் என்பது எந்தப் பிரிவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும்.

மனைவி, "எழுப்பட்டுமாங்க?" என்றாள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மேசை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அஞ்சு நிமிஷம் தூங்கட்டும்" என்றேன்.